குகைக்குள் கேட்கப்பட்ட கேள்வி



எலியா தங்கியிருந்த குகையை வேறு ஊர்களில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். சுரங்க ஊரான நம் தங்கவயலில் அது தேவையில்லை. மலைகளைப் பிளந்து பாறைகளைச் சிதறடிக்கும் காற்று வந்தது என்று இன்றைய முதல் வாசகத்தில் கேட்டோம். அதன்பின் நிலம் அதிர்ந்தது. அதன்பின் தீ. இவற்றை நிலத்துக்கு அடியில் நின்று அனுபவித்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நாம். ஏர் பிளாஸ்ட் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மேலே அழுத்தும் பாரம் தாங்காமல் பாறை வெடிக்கும். கிளம்புகிற காற்று ஆளையே தூக்கி எறியும். மேலே லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரங்கள் ஆடும். பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு ஷாஃப்ட் பக்கம் ஓடுவார்கள். கேஜில் ஏறி வருகிற முகங்களில் தங்கள் வீட்டு முகம் இருக்கிறதா என்று தேடுவார்கள். இந்த ஆலயத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதே இல்லை.

எலியாவின் கதையில் ஒரு பகுதி இன்றைய வாசகத்தில் இல்லை. முதலாம் அரசர்கள் நூல் 19ஆம் அதிகாரத்தில் 9ஆம் வசனத்தின் முற்பகுதியை வாசித்துவிட்டு, நேராக 11ஆம் வசனத்துக்குப் போய்விட்டோம். திருவழிபாட்டு நூலில் அப்படித்தான் தந்திருக்கிறார்கள். விட்டுப்போன அந்தச் சில வரிகளில், குகைக்குள் ஒடுங்கிக் கிடக்கும் எலியாவிடம் ஆண்டவர் ஒரு கேள்வி கேட்கிறார்: இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று. எலியா தன் மனத்தில் உள்ளதையெல்லாம் கொட்டுகிறார். காற்றும் நிலநடுக்கமும் தீயும் அதற்குப் பிறகே வருகின்றன. அந்தக் கேள்வியைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

குருத்துவப் பணியோடு மனநல ஆலோசனையும் கற்றவன் நான். மனம் நொந்து வருகிறவர்களோடு உட்காருவது என் பணியின் ஒரு பகுதி. ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டது கல்லறை வரை என்னோடுதான் வரும். ஆலோசனை அறையில் கேட்டதையும் அப்படியே காப்பேன். ஆகவே நம் பங்கில் யாருடைய கதையையும் நான் சொல்லப் போவதில்லை. எலியாவின் கதையையே, மனநோவு உள்ளவர் அருகே உட்கார்ந்து பழகியவனின் கண்ணோடு வாசிக்கிறேன்.

கர்மேல் மலையில் பாகாலின் பொய்வாக்கினர் 450 பேருக்கு எதிரே தனியொருவராக நின்றவர் எலியா. வானத்திலிருந்து நெருப்பு இறங்கியது. நெடுநாள் பஞ்சத்துக்குப் பின் மழை கொட்டியது. அவருடைய வாழ்க்கையிலேயே மிகப் பெரிய நாள் அது. அப்படிப்பட்டவர், ஈசபேல் அரசி அனுப்பிய ஒரே ஒரு மிரட்டலில் உடைந்துபோகிறார். உயிர் தப்ப ஓடிப் பெயேர்செபா வரை வந்து, உடன் வந்த பணியாளனை அங்கேயே விட்டுவிடுகிறார். சிறிய செய்திதான். ஆனால் மனம் இருளும்போது மனிதர் செய்கிற முதல் காரியம் அதுதான்: கூட இருப்பவரை விட்டு விலகுவது. ஃபோனை எடுக்க மாட்டார்கள். கோவிலுக்கு வருவது நின்றுபோகும். அன்பியக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் உடம்பு சரியில்லை என்பார்கள். எலியா தனியாகப் பாலைநிலத்துக்குள் ஒரு நாள் முழுதும் நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி ஆண்டவரிடம் கேட்கிறார்.

விவிலியம் இதை மறைக்கவில்லை. மோசேயும் ஒருமுறை சாவை வேண்டினார். யோனா வேண்டினார். யோபும் எரேமியாவும் தாங்கள் பிறந்த நாளையே சபித்தார்கள். இவர்களில் யாரையும் விசுவாசம் அற்றவர் என்று நாம் சொல்வதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை அதையே சொன்னால், இவனுக்கு ஜெபம் இல்லை, பக்தி இல்லை என்று எவ்வளவு சீக்கிரம் சொல்லிவிடுகிறோம்!

சூரைச்செடியின் அடியில் வானதூதர் என்ன செய்தார் என்று பாருங்கள். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. தொட்டு எழுப்பினார். சூடான கற்களில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் கோபிக்கவில்லை. தூங்கவிட்டார். பிறகு இரண்டாம் முறையும் வந்து தொட்டு எழுப்பி, போக வேண்டிய வழி தூரமானது, சாப்பிடு என்றார். நம் வீடுகளில் என்ன நடக்கும்? எவ்வளவு நேரம்தான் படுத்துக் கிடப்பே, எழுந்து நாலு ஜெபமாவது சொல்லு என்போம். நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறோம். ஆனால் ஆண்டவர் தம் ஊழியருக்கு முதலில் அனுப்பியது சோறும் தண்ணீரும் தூக்கமும் ஒரு கையின் தொடுதலும்தான். குகையில் கேட்ட கேள்வி அதற்குப் பிறகுதான் வந்தது. இரண்டுக்கும் நடுவே நாற்பது நாள் நடை இருந்தது.

யோபின் நண்பர்களும் நன்றாகத்தான் தொடங்கினார்கள். ஏழு நாள், ஏழு இரவு ஒரு சொல்லும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்றார்கள். பல அதிகாரங்களுக்கு அந்த விவாதம் போகிறது. கடைசியில் ஆண்டவர் அவர்கள்மேல்தான் சினம் கொண்டார், புலம்பிய யோபின்மேல் அல்ல. அதே நூலின் 28ஆம் அதிகாரத்தை வீட்டுக்குப் போய் வாசியுங்கள். ஆள் நடமாட்டமே இல்லாத இடத்தில் சுரங்கம் வெட்டி, கயிற்றில் தொங்கியபடி இருளுக்குள் இறங்கிப் பொன்னைத் தேடும் மனிதர்களைப் பற்றியது அது. நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு எழுதியதுபோல இருக்கும். பொன்னைக் கண்டெடுக்கும் மனிதருக்கு ஞானம் எங்கே கிடைக்கும் என்று தெரியவில்லையே என்று அங்கே யோபு கேட்கிறார்.

நம் ஊரின் கதைக்கு வருவோம். சுமார் 120 ஆண்டுகள் இந்த மண்ணுக்குள் இறங்கினோம். 3,200 மீட்டர் ஆழம் வரை போனோம். பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும் இடத்தில் நம் தாத்தாக்கள் துளை போட்டார்கள். ஏறத்தாழ 800 டன் பொன் வெளியே போனது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. இந்த ஆண்டோடு 25 ஆண்டுகள். வேலையோடு சேர்ந்து வேறு பலவும் போயின. ஷிஃப்ட் சங்கு நின்றது. அந்தச் சங்குக்குத்தான் ஊர் எழுந்தது, அடுப்பு மூட்டியது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. காலை என்றால் என்ன, மாலை என்றால் என்ன என்று ஒரு மனிதனுக்குச் சொல்லித் தந்த ஒலி அது. அது நின்ற பிறகு திண்ணையில் உட்கார்ந்த பலருக்கு நாள் எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்பதே தெரியாமல் போயிற்று.

இதைப் போன்ற ஓர் ஊர் ஆஸ்திரியாவில் இருந்தது. வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்ற சிற்றூர். ஊரே ஒரு நெசவாலையை நம்பி வாழ்ந்தது. 1930ஐ ஒட்டி ஆலை மூடப்பட்டது. மரீ யகோடா என்ற இளம் பெண்ணும் அவருடைய தோழர்களும் அங்கே போய், அந்த மக்களோடு பழகி, பார்த்ததை 1933இல் நூலாக வெளியிட்டார்கள். நேரம் நிறைய இருந்தது, ஆனால் நூலகத்தில் புத்தகம் எடுப்பவர்கள் குறைந்துபோனார்கள். கடைத்தெருவில் நடப்பவர்களின் வேகத்தை அளந்து பார்த்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி காரணமே இல்லாமல் நின்றார்கள். பெண்கள் வேகமாகப் போனார்கள். அவர்களுக்கு வீட்டு வேலை ஓயவில்லை. நேற்று என்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்காக எழுதித் தரச் சொன்னபோது, ஆண்களால் எழுத முடியவில்லை.

இதை முதன்முதலில் வாசித்தபோது எனக்கு நம் தெருக்கள்தான் கண்ணில் தெரிந்தன. நம் பெண்களும் நிற்கவில்லையே! விடியும் முன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் வேலை செய்துவிட்டு, இருட்டிய பின் வீடு திரும்புகிறார்கள். இளைஞர்களும் அப்படியே. நூறு கிலோமீட்டர் போக, நூறு கிலோமீட்டர் வர. அவர்களின் களைப்பு ஒரு துயரம். வீட்டில் உட்கார்ந்திருக்கும் தகப்பனின் வெறுமை இன்னொரு துயரம். ஒரே வீட்டுக்குள் இரண்டும் ஒன்றோடொன்று பேசாமல் இருக்கின்றன. நடுவில் சாராயம் வந்து உட்காருகிறது.

அதே 1933இல், அதே வியன்னாவில், விக்டர் ஃபிராங்கல் என்ற இளம் மருத்துவர் வேலையிழந்த இளைஞர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்களிடம் தாம் கண்ட மனச்சோர்வைத் தனி நோயாகவே அவர் பார்த்தார். வேலை இல்லை, அதனால் நான் யாருக்கும் பயனில்லை; பயனில்லை, அதனால் என் வாழ்வுக்குப் பொருளில்லை. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக அவர்கள் மனம் இறங்கிப்போவதைக் கண்டார். இளைஞர் மன்றங்களிலும் நூலகங்களிலும் சம்பளம் இல்லாமல் ஏதாவது பணி செய்யும்படி அவர்களைத் தூண்டினார். வயிற்றுப் பசி அப்படியே இருந்தது, கையில் காசும் வரவில்லை. ஆனால் சோர்வு நீங்கியது. முதல் படியே தவறு என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது: வேலை இல்லாதவர் பயனற்றவர் அல்லர்.

வசதியாக உட்கார்ந்து எழுதியவர் அல்லர் ஃபிராங்கல். யூதர். 1942இல் குடும்பத்தோடு நாஜிகளிடம் சிறைப்பட்டார். 1944இல் ஆஷ்விட்சுக்குக் கொண்டுபோகப்பட்டார். தந்தை, தாய், சகோதரர், இளம் மனைவி, நால்வரையும் அந்த முகாம்கள் தின்றன. 1945இல் விடுதலையானார். மறு ஆண்டே முகாம் அனுபவத்தைப் புத்தகமாக்கினார். அதில் அவர் சொல்லும் ஒரு நிகழ்ச்சியை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். முகாமில் இருவர் சாக முடிவு செய்திருந்தார்கள். வாழ்க்கையிடம் இனி எதிர்பார்க்க ஒன்றுமில்லை என்றார்கள். ஃபிராங்கல் அவர்களின் கேள்வியைத் திருப்பினார். வாழ்க்கை உங்களிடம் இன்னும் எதை எதிர்பார்க்கிறது என்று யோசிக்க வைத்தார். ஒருவருக்கு வெளிநாட்டில் குழந்தை காத்திருந்தது. மற்றவர் அறிவியலாளர், பாதியில் நின்ற அவருடைய நூல்வரிசையை வேறு யாரும் எழுதி முடிக்க முடியாது. இருவருக்கும் மனம் மாறியது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மனத்துக்குப் பொருள் தேடு என்று சொல்லி, உழைத்தவனின் நிலுவைப் பணத்தையும் குடியிருக்கும் வீட்டின் உரிமையையும் மறக்கச் சொல்வது அநீதி. அந்தப் பணத்துக்காகவும் உரிமைக்காகவும் நம் தொழிலாளர்கள் நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்கிய ஆண்டுகள் வீணானவை அல்ல. சோறு போட்ட பிறகுதான் தூதர் எலியாவை வழியனுப்பினார். ஃபிராங்கலைச் சொல்லிக்கொண்டு ஏழையைப் பட்டினி போட யாருக்கும் உரிமை இல்லை.

எப்படி வாழ வேண்டும் என்ற கேள்வி நம் ஊருக்குப் புதியதும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் வழியில் வந்த பௌத்தர்கள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் சங்கம் வைத்தார்கள். சித்தார்த்தா புத்தகசாலை என்று ஒன்று நடத்திப் பண்டிதரின் நூல்களை அச்சிட்டார்கள். 1926 முதல் அவர்களில் ஒருவரான அப்பாதுரையார் இங்கிருந்தே 'தமிழன்' பத்திரிகையை நடத்தினார். சுரங்கத்தில் கல்லுடைத்துவிட்டு வந்த மனிதர்கள் விளக்கு வெளிச்சத்தில் அறத்தைப் பற்றியும் தன்மானத்தைப் பற்றியும் வாசித்தார்கள், வாதிட்டார்கள். நமக்கும் அவர்களுக்கும் சமயம் வேறு. ஆனாலும் உழைக்கும் மனிதன் சிந்திக்கவும் பிறந்தவன் என்று காட்டிய அவர்களை நான் நன்றியோடு நினைக்கிறேன். அவர்களின் பேரப்பிள்ளைகளும் நம் அண்டை வீட்டுக்காரர்கள்தான்.

மீண்டும் குகைக்கு வருவோம். காற்றில் ஆண்டவர் இல்லை. நிலநடுக்கத்திலும் இல்லை. தீயிலும் இல்லை. அதன்பின் மிக மெல்லிய ஒலி ஒன்று வந்தபோது எலியா போர்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாயிலுக்கு வந்தார். அப்படி மெல்லிய ஒன்றைத் தேடி நம் மண்ணுக்கு அடியிலும் ஒருமுறை இறங்கினார்கள். 1965இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர்கள், ஜப்பானிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் வந்தவர்களோடு சேர்ந்து, நம் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே கருவிகளை வைத்தார்கள். நியூட்ரினோ என்ற துகளைத் தேடினார்கள். எதையும் தொடாமல் பூமியையே ஊடுருவிப் போகக்கூடிய துகள் அது. மேலே வானத்திலிருந்து பொழியும் மற்றக் கதிர்களின் நடுவே அதைப் பிரித்தறிய முடியாது. அத்தனை பாறையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டால்தான் மற்றவை அடங்கி, அதன் தடயம் தெரியும். வளிமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களில் ஒன்று நம் சுரங்கம். அங்கே விளக்குப் பிடித்தும் கருவி சுமந்தும் உதவிய நம் தொழிலாளர்களுக்கு அந்தப் பெருமையில் பங்கு உண்டு.

ஒரு மனிதனின் உள்ளே இருக்கும் நோவைக் கேட்பதற்கும் அந்த ஆழமும் அந்தப் பொறுமையும் வேண்டியிருக்கிறது. நம் அறிவுரைகள் ஓய வேண்டும். நம் பயம் ஓய வேண்டும். பக்தியின் பெயரால் நாம் போடும் சத்தமும் ஓய வேண்டும்.

இந்தக் கதையில் என்னை மிகவும் தொடும் இடம் இனிமேல்தான் வருகிறது. இன்றைய வாசகம் முடிந்த இடத்துக்கு அடுத்த வரி. மெல்லிய ஒலிக்குப் பின் ஆண்டவர் அதே கேள்வியை மறுபடியும் கேட்கிறார். எலியா என்ன சொல்கிறார்? முன்பு சொன்னதையே, சொல் மாறாமல் திரும்பச் சொல்கிறார். மக்கள் உடன்படிக்கையை விட்டுவிட்டார்கள், பலிபீடங்களை இடித்தார்கள், இறைவாக்கினரைக் கொன்றார்கள், நான் ஒருவன்தான் மிச்சம், என்னையும் கொல்லத் தேடுகிறார்கள். கடவுளின் அருகாமையை நேரில் உணர்ந்த பிறகும் அவருடைய புலம்பலில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை! நம்மில் எவ்வளவு பொறுமையானவரும் இரண்டாம் முறை அதே கதையைக் கேட்டதும், இதைத்தான் அன்றைக்கே சொன்னாயே என்போம். ஆண்டவர் சொல்லவில்லை. முழுவதையும் இரண்டாம் முறையும் கேட்டார்.

கேட்டுவிட்டு மூன்று காரியம் கொடுத்தார். போய் அசாவேலையும் ஏகூவையும் அரசராக அருள்பொழிவு செய், எலிசாவை உனக்குப் பதிலாக இறைவாக்கினராக அருள்பொழிவு செய். பாகாலுக்கு மண்டியிடாத ஏழாயிரம் பேர் இன்னும் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். நீ தனியாள் இல்லை என்று வாதாடி அவரை மடக்கவில்லை. ஆள்களைக் காட்டினார், வேலையைக் கொடுத்தார், கூட நடக்க எலிசாவைக் கொடுத்தார். ஃபிராங்கல் தம் நோயாளிகளிடம் கண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆண்டவர் இந்த வழியை எல்லா மக்களுக்கும் திறந்தே வைத்திருக்கிறார்.

ஆனால் கேட்பதும் வேலை கொடுப்பதும் மட்டும் தீர்க்காத நோவுகளும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, குரல்கள் கேட்கின்றன, சாக வேண்டும் என்ற எண்ணம் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மருத்துவரிடம் போக வேண்டும். உடலின் நோயை நினைத்துப் பாருங்கள். இந்தியாவில் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் முதன்முதலாகப் பதிவானது நம் தங்கவயலில்தான். 1940களில் இங்கே நடந்த பரிசோதனையில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது தெரிந்தது. நுரையீரலில் தூசி படிந்து மூச்சு வாங்கிய நம் தாத்தாவிடம், உனக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொன்னோமா? ஆண்டுக்கணக்கில் மனத்தில் படிந்தது மட்டும் எப்படிப் பாவமாகிவிடும்?

பெங்களூரில் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இருக்கிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957இல் பாகாயத்தில் மனநல மையம் தொடங்கியபோது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுக்கும்படி செய்தது. நோயாளியைப் பூட்டி வைத்து, உறவை வெளியே நிறுத்தி வந்த காலத்தில் அது பெரிய காரியம். எலியா தனியாளாகிவிடக் கூடாது என்று அந்த மருத்துவர்களும் புரிந்துகொண்டார்கள். இரவில் யாரிடமும் சொல்ல முடியாமல் தவிக்கிறவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை அழைக்கலாம். அரசு நடத்துகிறது, காசு கிடையாது, தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். இப்போதே உங்கள் ஃபோனில் பதிந்துகொள்ளுங்கள். கோவிலுக்குள் ஃபோனை எடுக்க இன்று நான் அனுமதி தருகிறேன்.

இன்னும் தயங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. மறைந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ், 42 வயதில் அர்ஜென்டினாவில் தாம் ஓர் உளப்பகுப்பாய்வாளரிடம் ஆறு மாதம் வாரம் ஒருமுறை போனதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த உளப்பகுப்பாய்வாளர் ஒரு யூதப் பெண்மணி. தமக்கு மிகவும் உதவினார் என்றும் சொன்னார். திருத்தந்தையே போயிருக்கிறார். நம் பிள்ளையை அழைத்துப் போக நாம் ஏன் முகத்தை மறைக்க வேண்டும்?

இனி, நம் பங்கில் மெதுவான குரலில் மட்டுமே பேசப்படும் ஒன்றைப் பற்றி. தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டவர்களைப் பற்றிப் பேசுகிறேன். அப்படி ஒருவரை இழந்த தாய் இங்கே இருந்தால், அம்மா, இதை உங்களுக்காகச் சொல்கிறேன். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் அவர்களுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983ஆம் ஆண்டின் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2282, 2283 எண்களைப் பாருங்கள். மனத்தின் கடும் பாதிப்பும் பெரும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களின் மீட்பைப் பற்றி நாம் நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும், கடவுள் தமக்கு மட்டுமே தெரிந்த வழியில் அவர்களைச் சந்திக்க முடியும் என்றும் அது போதிக்கிறது. திருச்சபை அவர்களுக்காகச் செபிக்கிறது. உங்கள் பிள்ளை நரகத்தில்தான் இருப்பான் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அது திருச்சபையின் போதனை அல்ல. நாட்டின் சட்டமும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது. அவருக்குத் தண்டனை அல்ல, சிகிச்சை தர வேண்டும் என்கிறது.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் திருத்தூதர் பவுல் தம் உள்ளத்தில் பெரும் துயரமும் ஓயாத வேதனையும் இருப்பதாக எழுதுகிறார். உரோமையில் வாழ்ந்த, தாம் இன்னும் முகம் பார்த்திராத ஒரு சபைக்கு அதை எழுதுகிறார். மறைக்கவில்லை. நற்செய்தியில் பேதுரு தண்ணீரில் மூழ்கத் தொடங்கியதும் கத்துகிறார். இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ஏன் ஐயம் கொண்டாய் என்று பிடித்த பிறகுதான் கேட்டார். கரைக்கு நீந்தி வா, பிறகு பேசுவோம் என்று சொல்லவில்லை. அந்த வரிசையை நாமும் மாற்றக் கூடாது.

ஆகவே இந்த வாரம் உங்களிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். உங்கள் தெருவில் வெளியே வராமல் இருக்கும் ஒருவரை உங்களுக்குத் தெரியும். அவர் கத்தோலிக்கராக இருக்க வேண்டியதில்லை. அவர் வீட்டுக்குப் போங்கள். கையில் ஏதாவது சாப்பிடக் கொண்டுபோங்கள். எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை இருங்கள். போன வாரம் சொன்னதையே மறுபடி சொன்னாலும் கேளுங்கள். மனசு தாங்கவில்லை, சாகணும்போல இருக்கிறது என்று அவர் சொன்னால் பயப்படாதீர்கள். அவரைத் தனியே விட்டுவிட்டும் வராதீர்கள். எனக்குச் சொல்லுங்கள். மருத்துவரிடம் அழைத்துப் போக நானும் வருகிறேன்.

இரண்டாவது. நவம்பரில் இறந்தவர்களுக்காக வாசிக்கும் பெயர்ப் பதிவேடு இன்று முதல் சக்றிஸ்தியில் இருக்கும். சில பெயர்களை இந்தப் பங்கில் யாரும் எழுதிக் கொடுப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். எழுதிக் கொடுங்கள். எப்படி இறந்தார் என்று எழுத வேண்டாம், பெயர் மட்டும் போதும். எல்லாப் பெயர்களோடும் சேர்த்து, அதே குரலில், இந்தப் பீடத்திலிருந்து நான் வாசிப்பேன்.

எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.